விடு என்று ஒரு சொல்

பாஷை கற்றுக்கொள்ள வழி கேட்டு இன்னமும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இங்கிலீஷ், போதாததற்குக் கொஞ்சம் உருது என்று ஐந்தை வாயில் வைத்துக்கொண்டு இந்தத் தங்கவயலில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதனால் ஏதோ மருந்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். வெட்கத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. புஸ்தகத்தில் படிக்காதே, சந்தையில் படி. ஒரு வார்த்தையை மூன்று பேர் வாயில் கேட்காமல் நம்பாதே. கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் கட்டாயம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரு மனிதருக்கு நான் சொல்லாமல் மறைத்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்று பேர் வாயில் கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வேர்க்கடலைக்காரி. நான் வடாற்காட்டிலிருந்து வந்த புதிது. பங்காருபேட்டைச் சந்தையில் கன்னடக்காரி ஒருத்தி என் துண்டில் கடலையை அளந்து போட்டுவிட்டு, "சாக்கா?" என்றாள். போதுமா என்று கேட்கிறாள். எனக்கோ, சாக்கு கொண்டுவந்தாயா என்று கேட்பதாகப் பட்டது. "சாக்கு இல்ல" என்றேன். போதவில்லையாம் என்று அவள் இன்னொரு படி போட்டாள். "சாக்கு இல்லம்மா, சாக்கு இல்ல!" என்று நான் பதறப் பதற, அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். துண்டு நிறைந்து, தலைப்பாகையை அவிழ்த்து அதிலும் வாங்கிக்கொண்டு வெறுந்தலையோடு திரும்பி வந்தேன். ஒரு வாரம் எங்கள் லைன் வீடுகளில் எல்லோர் வாயிலும் கடலைதான்.

இங்கிலீஷ் கதை இதைவிட மோசம். மிஷன் பள்ளியில் நான் படித்த இங்கிலீஷ் இங்கே செல்லுபடியாகவில்லை. கார்ன்வால் சீமையிலிருந்து வந்த சுரங்கத் துரைமார்கள் 'ஹ' என்ற சத்தத்தைக் கப்பலேறும்போதே தொலைத்துவிட்டு வந்தவர்கள். 'ஹெட்' என்பது அவர்கள் வாயில் 'எட்'. முதல் நாள் என்னைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனவர், "மைண்ட் யுவர் எட்" என்றார். எட்டா, எந்த எட்டு, எட்டாம் நம்பர் லெவலா என்று யோசித்தபடியே நடந்து, குறுக்கு மரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை அப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

இப்படி அடிபட்டும் பிறர் சிரிக்கும்படி உளறியும் சேர்த்த பாஷைகள்தான் எனக்குச் சோறு போட்டன. ஷிப்டுக்கு வருகிறவர்களின் பேரை எழுதும் ரைட்டர் வேலை எனக்கு. பேர் எழுதுகிறவனை யார் மதிக்கப் போகிறார்கள்? துரை சொல்வதை ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதைத் துரைக்கும் எடுத்துச் சொல்கிறவன் என்பதில்தான் என் பவிசெல்லாம் இருந்தது.

ரயில் மாரிகுப்பம் வரைக்கும் வந்த மறு வருஷம், நான் வேலை பார்த்த சுரங்கத்துக்குப் புதிதாக ஒரு கேப்டன் வந்தார். கடலே கண்ணில் படாத இந்த ஊரில் சுரங்கத்தை மேற்பார்க்கும் துரையைக் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, தமிழ் கற்றுக்கொடு என்றார்.

"நான்தான் இருக்கிறேனே சார், உங்களுக்கு எதற்கு?" என்றேன்.

"நீ இருக்கிறாய். ஆனால் என் தலைமேல் கல் விழுகிறது என்று ஒருவன் தமிழில் கத்தினால், உன்னைத் தேடிப் பிடித்து அர்த்தம் கேட்க எனக்கு நேரம் இருக்காதே" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? நாளைக்கே தொடங்கலாம் என்றேன்.

அவரைப்போல ஒரு மாணாக்கனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டுப்புத்தகம். தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் அதில் எழுதிக்கொள்வார். சுண்ணாம்புக் கட்டியால் சம்மட்டியின் மேல் 'சம்மட்டி' என்றும், ஏணியின் மேல் 'ஏணி' என்றும் எழுதி வைப்பார். தானாகவே ஒரு விரதமும் எடுத்துக்கொண்டார்: கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினது முதல் திரும்ப மேலே வரும்வரை ஆட்களிடம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் பேசுவதில்லை. தப்பாகப் பேசினாலும் தமிழ்தான். ஆட்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் கடலையிலும் நெற்றியிலும் படித்ததை அவர் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்.

"இன்னா தொர, கஞ்சி குட்ச்சாச்சா?" என்று ஆட்கள் கேட்பார்கள்.

"குட்ச்சாச்சு. நீ?" என்பார் அவர். திருப்பிக் கேட்கிற துரையை எங்கள் ஆட்கள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அந்த 'நீ'யிலேயே மயங்கிப்போனார்கள்.

மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் முட்டு மரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரே கையைக் காட்டி, பாதித் தமிழில், ஆட்களுக்குச் சொல்லி முடித்துவிட்டார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆட்களில் ஒருவர், "ரைட்டரே, நீங்க போய் அப்பிடி குந்துங்க. தொரயே பேசிக்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் ஆறு மாதம் போனால் இந்த மனிதருக்கு நான் எதற்கு என்ற பயம் அன்றைக்குத்தான் உள்ளே புகுந்தது.

அதன்பிறகு நான் கற்றுக்கொடுத்த விதமே மாறியது. பொய் சொல்லவில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. குறைத்துச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டால் ஒரே அர்த்தம் கொடுத்தேன். அதை யார் யாரிடம் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லக்கூடாது என்பதையெல்லாம் மென்று விழுங்கினேன். தப்பாகச் சொன்னால் திருத்தவில்லை. பூவைக் கொடுத்தேன், நாரைக் கொடுக்கவில்லை.

அப்படிக் கொடுத்த வார்த்தைகளில் ஒன்றுதான் 'விடு'.

தண்ணீர்ப் பானைக்காக இரண்டு பேர் கைகலந்துகொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போய், "விடுப்பா, விடு, விடு" என்றேன். இருவரும் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போனார்கள். துரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வார்த்தையில் சண்டை நின்றதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம். நோட்டை எடுத்தார்.

"விடு என்றால் 'நிறுத்து' என்று அர்த்தமா?"

"ஆமாம் சார்."

பென்சிலை எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, "வேறு அர்த்தம் உண்டா?" என்று கேட்டார். எந்த வார்த்தைக்கும் அவர் இதைக் கேட்பது வழக்கம்.

கயிற்றை விடு, கையை விடு, ஆளை உள்ளே விடு, வண்டியை விடு, போனால் போகட்டும் விடு. பத்து அர்த்தம் என் நாக்கு நுனியில் இருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. "இல்லை சார்" என்றேன்.

அந்த வார்த்தை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. நின்று பீடி இழுக்கிறவனிடம் "விடு" என்பார். அவன் பீடியைக் கீழே போடுவான். கல்லை இன்னும் உடைத்துக்கொண்டிருக்கிறவனிடம் "விடு" என்பார். அவன் சம்மட்டியை வைப்பான். ஒவ்வொரு தடவையும் நடந்ததால், தான் சொல்வது சரி என்றே அவர் நம்பினார். ஆட்கள் அவர் முகத்தையும் கையையும் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லியிருக்கலாம்.

சுரங்கத்தின் ஒரு மூலையில் புதிதாக ஒரு குழி இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழிக்கு மேலே கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு பெரிய மர உருளை, இரண்டு பக்கமும் கைப்பிடி. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் சுற்றிக் கல் நிறைந்த பக்கெட்டை மேலே இழுப்பார்கள். ஒரு பக்கம் குடியாத்தம் பக்கத்து ஆள் ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். மறுபக்கம் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அக்காவே சொல்லி அனுப்பித் தம்பியைத் தன் புருஷனோடு வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தாள்.

அன்றைக்கு அந்த மச்சானின் துண்டு தோளிலிருந்து நழுவி, அதன் நுனி கயிற்றோடு சேர்ந்து உருளையில் சுற்றிக்கொண்டது. அவன் கவனிக்கவில்லை. துரை கவனித்தார். நானும் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். "விடு! விடு! விடு!" என்று துரை அலறிக்கொண்டே மூத்தவரைப் பார்த்து ஓடினார். சுற்றாதே, அப்படியே நிறுத்திப் பிடி என்பது அவர் நினைத்தது. ராட்டினத்தில் கை வைத்திருக்கிறவனுக்கு விடு என்றால் என்ன அர்த்தம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கைப்பிடியில்தான் ஏதோ ஆபத்து என்று நினைத்து மூத்தவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பின்னால் குதித்தார்.

ஒற்றை ஆள் பலத்துக்கு அடங்காமல் பக்கெட் கல்லோடு கீழே பாய்ந்தது. கீழே இருந்தவர்கள் ஒதுங்கி நின்றதால் தப்பினார்கள். உருளை திரும்பிச் சுழன்ற வேகத்தில் அந்த மச்சானின் வலது கை துண்டோடு உள்ளே போய்விட்டது. உயிர் பிழைத்தான். கை பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆபீஸில் விசாரணை. கேப்டனுக்கும் மேலான பெரிய துரை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கேப்டன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் குடியாத்தத்துக்காரர். ஏன் கையை எடுத்தாய் என்று பெரிய துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"தொர 'விடு'ன்னாரு, விட்டேன்" என்றார் அவர். 'விடு'வை அப்படியே வைத்து மற்றதை இங்கிலீஷில் சொன்னேன்.

நிறுத்தும்படிதான் நான் சொன்னேன் என்றார் கேப்டன். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். பெரிய துரை என் பக்கம் திரும்பி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் கேப்டனின் நோட்டு வெளியே வரும். நோட்டு வந்தால் நான் வருவேன். "வேலையை நிறுத்து என்று அர்த்தம் சார்" என்றேன் இங்கிலீஷில். சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நிறுத்து என்று சொன்னதற்குக் கைப்பிடியை எறிந்துவிட்டு ஓடின ஆள் என்று தீர்ப்பாகி, அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார். "நான் சொன்னத அப்பிடியே சொன்னீங்களா ரைட்டரே?"

"சொன்னேண்ணா."

"அப்பிடின்னா சரி. வேல போனா போவுது. எம்மச்சான் என்னத் தப்பா நெனக்கிறான். அவங்கக்காகாரி மூஞ்சி குட்த்துப் பேச மாட்டேங்கறா. தொர கத்துனது உருள சத்தத்துல அவன் காதுல விழல. பயத்துல நான் உட்டுட்டு ஓடிட்டேன்னு சொல்றாங்க. தொர சொல்லித்தான் விட்டேன்னு அவங்களாண்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க. நீங்க பட்ச்சவரு."

பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் புருஷன், பெண்டாட்டி, மச்சான் மூன்று பேரும் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் போய்விட்டார்கள். நான் அன்றைக்கு ஸ்டேஷன் பக்கமே தலை காட்டவில்லை.

அதே மாரிகுப்பம் ஸ்டேஷனில்தான் என் குட்டு உடைந்தது. இரண்டு மாதம் கழித்து, ரயிலில் வந்த ஒரு பெரிய இரும்புச் சாமானைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பார்வையிட வந்த கேப்டனோடு நானும் நின்றிருந்தேன். மேஸ்திரி கையை உயர்த்தி, "விடு... விடு... மெள்ள விடு..." என்று ராகம் போட்டான். அவன் 'விடு' என்ற ஒவ்வொரு தடவையும் கயிறு நகர்ந்தது. "புடி!" என்றான். கயிறு நின்றது.

கேப்டன் மேஸ்திரியிடம் போனார். என்னைக் கூப்பிடவில்லை. தன் கையை இறுக்கி மூடிக் காட்டி, "இது?" என்றார். "புடி, தொர" என்றான் அவன். கையை விரித்துக் காட்டினார். "விடு" என்றான். பக்கத்தில் கயிற்றோடு நின்ற இன்னும் இரண்டு பேரிடமும் அதே மாதிரி கையை மூடித் திறந்து கேட்டார். மூன்று வாய். நான் சொல்லிக்கொடுக்காத வழியை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

திரும்பி வந்து என்னைப் பார்த்தார். "ஏன் சொல்லல?" என்று தமிழில் கேட்டார். ஒரு பிழையும் இல்லாமல் அவர் என்னிடம் பேசின முதல் வாக்கியம் அது.

"மறந்துட்டேன் சார்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலையை விட்டுத் துரத்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். வார்த்தை என்னுடையது, தப்பும் என்னுடையது என்று பெரிய துரையிடம் தானே போய்ச் சொன்னார். என் பேர் அதில் வரவே இல்லை. நீ போய் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதன்பிறகு அவர் இந்த ஊரில் இருந்தவரை என்னிடம் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டதில்லை. ஆட்களிடமே கேட்டு, ஆட்களைப் போலவே பேசினார். என் வேலையும் போகவில்லை. நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை.

பங்காருபேட்டையிலும் ஜோலார்பேட்டையிலும் வண்டி மாறிக் குடியாத்தத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். ஊருக்கு வெளியே ஒரு கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் கயிறு இழுத்தார்கள். குடியாத்தத்துக்காரர் இழுக்கிறவர்களோடு இல்லை. கொட்டின சேற்றைக் கூடையில் அள்ளிச் சுமந்துகொண்டிருந்தார்.

"வாங்க ரைட்டரே. நான் இப்ப கயித்தாண்டயே போறதில்ல" என்றார், நான் கேட்காமலே. வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையைக் கையால் காட்டினார். வாசலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் அவனுக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள். "அவன் சாப்டப்புறம் எனக்கும் வெச்சிட்டுப் போவா. பேச மாட்டா."

துரை உங்களைத் திரும்பக் கூப்பிடுகிறார் அண்ணா என்றேன். தப்பு தன்னுடையது என்று துரையே சொல்லிவிட்டார் என்றேன்.

"தொரைக்கு எப்பிடித் தெரிஞ்சிது?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். அவருடைய சேறு பட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் தப்பாகக் கற்றுக்கொடுத்தேன், தெரிந்தே கற்றுக்கொடுத்தேன். ஆபீஸில் நீங்கள் சொன்ன வார்த்தைக்கும் நான்தான் அர்த்தத்தை மாற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயலுக்கு அந்தப் பக்கம் குடிசையைப் பார்த்தார்.

"விடுங்க ரைட்டரே" என்றார்.

நான் அவர் கையை விட்டேன். அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

போனால் போகட்டும், மன்னித்தேன் என்று சொன்னாரா? கையை விடு, வேலை கிடக்கிறது என்று சொன்னாரா? என்னிடம் அழுவதை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொல் என்பதைத்தான் அப்படிச் சொன்னாரா? குடிசை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வரப்பில் நூறு அடி நடந்து, அந்த அக்காவிடமும் தம்பியிடமும் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்கு எனக்கு ஐந்து பாஷையும் தேவையில்லை, தமிழே போதும். எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்தேன். அவர் வர மறுத்துவிட்டார் என்று கேப்டனிடம் சொன்னேன்.

பாஷை கற்றுக்கொள்ள வழி கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நான்காவதாக ஒன்றும் சொல்லி அனுப்புகிறேன். எந்த வார்த்தையானாலும் சொன்னவரையே நிறுத்தி, இதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டுவிடு. கிணற்றடியில் நான் கேட்கவில்லை.